வெள்ளிப் பாதையில் ஒன்பது நாட்கள்: மெக்சிகோவின் காலனிய நகரங்கள்

புறப்படும் முன்

மெக்சிகோ சிட்டி, கெரேத்தரோ, சான் மிகேல் தே அயெந்தே, தொலோரெஸ் இதால்கோ, குவானஹுவாத்தோ, மொரேலியா, பாட்ஸ்குவாரோ, மறுபடி மெக்சிகோ சிட்டி. வழிகாட்டியோடு போகும் இந்த ஒன்பது நாள் பயணத்தில் ஊர்களைவிட ஊர்களின் வரிசை முக்கியம். 1810 செப்டம்பரில், ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து விடுபடத் தீட்டிய சதியின் ரகசியம் கெரேத்தரோவில் வெளிப்பட்டது. அந்தச் செய்தி சான் மிகேல் வழியாகத் தொலோரெஸுக்கு ஓடியது. அங்கிருந்து கிளம்பிய விவசாயிகளின் படை குவானஹுவாத்தோவைப் பிடித்து, இன்றைய மொரேலியாவுக்குள் நுழைந்து, மெக்சிகோ சிட்டியின் வாசல்வரை வந்தது. நம் பேருந்தும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது. சில ஏஜென்சிகள் ஹோட்டல் வசதிக்காக இதைத் தலைகீழாக நடத்துகின்றன. அப்படிப் போனால் எல்லா ஊரும் தேவாலயம், சதுக்கம், தேவாலயம் என்று ஒன்றாகவே தெரியும். பணம் கட்டும் முன் வரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்க உகந்த நாள் வெள்ளிக்கிழமை. மெக்சிகோவில் அரசு அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும். வெள்ளியில் தொடங்கினால் அந்தத் திங்கள் சான் மிகேலில் விழும். அங்கே தெருக்கள்தான் காட்சி, அருங்காட்சியகம் மூடியிருந்தாலும் இழப்பு குறைவு. வார இறுதியில் சான் மிகேலில் ஏறும் அறை வாடகையிலிருந்தும் பெருமளவு தப்பிக்கலாம். ஞாயிறில் தொடங்கினால் இரண்டாம் நாளே மூடிய கதவு.

விசா: செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் இரண்டுக்கும் இது பொருந்தும். எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் குடியேற்ற அதிகாரி தீர்மானிப்பார். உச்ச வரம்பு 180 நாள். திரும்பும் டிக்கெட்டையும் ஹோட்டல் பதிவுகளையும் காகிதத்தில் வைத்திருங்கள். அமெரிக்கா வழியாகப் பறந்தால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும்.

இன்னொன்று மின்சாரம். அங்கே 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், தட்டையான இரண்டு கால் பிளக். போன், லேப்டாப் சார்ஜர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஊரிலிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் கெட்டிலும் குட்டி ரைஸ் குக்கரும்தான் ஏமாற்றும். வோல்ட் பாதியளவுக்குக் குறைந்தால் சூடு பாதியாவதில்லை, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 1000 வாட் கெட்டில் சுமார் 300 வாட்டில் முனகிக்கொண்டிருக்கும். இரு வோல்ட்டிலும் வேலை செய்யும் பயணக் கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள், வெள்ளி: மெக்சிகோ சிட்டி

உயரம் 2,240 மீட்டர், நம் ஊட்டியின் அதே உயரம். விமானத்திலிருந்து இறங்கியவுடன் படியேறினால் மூச்சு வாங்கும், தலை கனக்கும். முதல் நாள் நடை மெதுவாக இருக்கட்டும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது வேண்டாம். குழாய்த் தண்ணீரைப் பல் துலக்கக்கூடப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. ஹோட்டல்களில் பெரிய கேன் தண்ணீர் இருக்கும்.

நகரின் நடுச் சதுக்கமான சோக்கலோவில் வழிகாட்டிகள் பெரும்பாலும் நேரே கதீட்ரலுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். முதலில் பக்கத்திலுள்ள தெம்ப்ளோ மயோர் இடிபாடுகளுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஆஸ்தெக்குகளின் தெனோச்தித்லான் நகரம் 1521 ஆகஸ்ட் 13 அன்று ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸிடம் வீழ்ந்தது. அதன் தலைமைக் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே எடுத்துப் புது நகரைக் கட்டினார்கள். கோயிலை முழுமையாகத் தோண்டத் தூண்டியது 1978 பிப்ரவரியில் நடந்த ஒரு தற்செயல். மின்வாரியத் தொழிலாளர்கள் கேபிளுக்காகத் தோண்டியபோது கொயோல்ஷாவ்கி என்ற நிலா தேவியின் உடல் துண்டுதுண்டாகச் செதுக்கப்பட்ட வட்டக்கல் கிடைத்தது. மூன்று மீட்டருக்கு மேல் விட்டம், எட்டு டன் எடை. இதைப் பார்த்துவிட்டுக் கதீட்ரலுக்குள் போனால் அந்தச் சுவர்களைப் பார்க்கும் கண்ணே வேறு.

கதீட்ரல் 1573இல் தொடங்கி 1813இல் முடிந்தது. உள்ளே நடு மண்டபத்தில் மேலிருந்து ஒரு பெரிய தூக்குக்குண்டு தொங்குகிறது. அதன் முனை காட்டும் இடம் ஆண்டுவாரியாகத் தரையில் குறிக்கப்பட்டிருக்கிறது. கட்டடம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது, பிறகு எவ்வளவு நிமிர்ந்தது என்பதன் பதிவு அது. நகரம் பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல் நிற்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் சுருங்குகிறது. கதீட்ரலின் அடியில் ஒரு பகுதியில் பழைய கோயில்களின் எடையால் ஏற்கெனவே இறுகிய மண், மறுபகுதியில் இளமண். ஆகவே கட்டடம் ஒரே சீராக இறங்காமல் முறுக்கிக்கொண்டு இறங்கியது. 1990களில், உயர்ந்து நின்ற பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து அந்தப் பக்கத்தையும் இறங்கவைத்தார்கள். தாழ்ந்த பக்கத்தைத் தூக்க வழியில்லை, உயர்ந்ததை இறக்கலாம். இந்த ஒரு தூக்குக்குண்டுக்கு முன் பத்து நிமிடம் நிற்காத குழுவைப் பார்த்தால் மனசு கேட்காது.

சதுக்கத்தின் கிழக்கே தேசிய அரண்மனை. உள்ளே போக அனுமதி அடிக்கடி மாறுகிறது, அதை நம்பித் திட்டமிடாதீர்கள். வெளியில் நின்றே நடு மாடத்தின் மேல் தொங்கும் மணியைப் பார்த்துவையுங்கள். தொலோரெஸ் தேவாலயத்தில் 1810இல் ஒலித்த மணி அதுதான். 1896இல் இங்கே கொண்டுவந்தார்கள்.

இரண்டாம் நாள், சனி: தெபோட்சோத்லான், கெரேத்தரோ

நெரிசலுக்கு முன் கிளம்ப வேண்டும், 7.30க்கு மேல் தாமதிக்காதீர்கள். கெரேத்தரோ சுமார் 215 கிலோமீட்டர். சாலைப் பலகைகளில் 'குவோத்தா' என்றிருந்தால் சுங்கச் சாலை, 'லிப்ரே' என்றிருந்தால் இலவசச் சாலை. ஊர் விட்டு ஊர் போகும்போது எப்போதும் குவோத்தா, எப்போதும் பகல் வெளிச்சத்தில். பாதுகாப்புக்கு இதைவிட எளிய விதி கிடையாது.

நாற்பது கிலோமீட்டரில் தெபோட்சோத்லான். பெரும்பாலான குழுக்கள் இதைத் தாண்டி ஓடிவிடுகின்றன, அது பெரிய தவறு. ஏசு சபையினரின் பழைய கல்லூரியும் தேவாலயமும் இப்போது வைஸ்ராய் காலத் தேசிய அருங்காட்சியகம். மீதி ஏழு நாளும் பார்க்கப்போகும் கட்டடக் கலைக்கு அரிச்சுவடி இங்கேதான். முகப்பில் தூண்களைக் கவனியுங்கள். அடியில் குறுகி மேலே போகப்போக அகலும் தூண் எஸ்தீப்பித்தே. தலைகீழாக நிறுத்திய கூம்பு மாதிரி இருப்பதால் எதையும் தாங்குவதாகவே தெரியாது. அது கண்ணில் பட்டால் 18ஆம் நூற்றாண்டு என்று துணிந்து சொல்லலாம்.

உள்ளே தரையிலிருந்து கூரைவரை பொன் பீடங்கள். கிட்டே போய், பொன் தேய்ந்த விளிம்புகளைப் பாருங்கள், அடியில் செம்மண் நிறம் தெரியும். செதுக்கிய மரத்தின்மேல் சுண்ணப்பூச்சு பல அடுக்கு, அதன்மேல் வழவழப்பான செங்களிமண், அதை ஈரப்படுத்தி மூச்சுக் காற்றில் பறக்கும் பொன் தகடு, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகு. அந்தச் செம்மண்தான் பொன்னுக்குச் சூடான நிறத்தைத் தருகிறது. ஈரம் உள்ளே புகுந்தால் முதலில் சுண்ணப்பூச்சு உப்பும், பிறகு பொன் செதில் செதிலாக உரியும். ஃபிளாஷ் போட அனுமதியில்லை. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மாலை வெயில் சாயும்போது கெரேத்தரோ போய்ச் சேர்ந்தால் நல்லது, நீர்ப்பாலத்துக்கு அந்த வெளிச்சம் வேண்டும். 74 வளைவுகள், ஏறக்குறைய 1,280 மீட்டர் நீளம். 1726இல் தொடங்கி 1738க்குள் முடித்தார்கள். கிழக்கே மலையிடுக்கின் ஊற்றுநீர் நகருக்கு வர ஒரு பள்ளம் குறுக்கே நின்றது. குழாய் வைத்து அழுத்தம் கொடுக்கும் வசதி இல்லாத காலத்தில், நீர் தானாக வழிய வேண்டுமானால் வாய்க்காலை ஒரே மெல்லிய சரிவில் வானத்திலேயே கொண்டுபோக வேண்டும். பள்ளத்தின் ஆழமே வளைவின் உயரம். ஒரு கன்னியாஸ்திரீமேல் கொண்ட காதலால் மார்க்கேஸ் பட்டம் பெற்ற பிரபு ஒருவர் இதைக் கட்டினார் என்று எல்லா வழிகாட்டியும் சொல்வார், கதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள், ஞாயிறு: கெரேத்தரோ, சான் மிகேல்

ஞாயிறுகளில் அரசு அருங்காட்சியகங்களில் உள்நாட்டினருக்குக் கட்டணம் இல்லை, கூட்டம் அதிகம். கதவு திறக்கும் நேரத்துக்கே போங்கள்.

இன்றைய மையம் பிளாசா தே ஆர்மாஸ் சதுக்கத்தின் அரசு மாளிகை. 1810இல் இது கொரெஹிதோர் என்ற நகர நிர்வாகியின் வீடு. அவர் மனைவி ஹொசேஃபா ஒர்த்தீஸ் விடுதலைச் சதியில் பங்காளி. சதி அம்பலமானதும் கணவர் அவரை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு மற்ற சதிகாரர்களைக் கைது செய்யக் கிளம்பினார். ஹொசேஃபா காலால் தரையைத் தட்டிக் கீழ்த்தளத்தில் இருந்த சிறைக்காவலர் இக்னாசியோ பெரெஸை அழைத்து, பூட்டிய கதவு வழியாகவே செய்தி சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லும் வரலாறு. பெரெஸ் குதிரையில் சான் மிகேலுக்கு ஓடினார். வழிகாட்டி இந்தக் கதையை மாளிகை முன்னாலேயே சொல்லட்டும். மாலை அதே வழியில்தான் நாமும் போகிறோம்.

நடக்கும் தூரத்தில் தேயாத்ரோ தே லா ரெபூப்ளிக்கா இருக்கிறது. மெக்சிகோவின் இன்றைய அரசியல் சட்டம் 1917 பிப்ரவரி 5 அன்று இங்கே பிரகடனமானது. சற்றுத் தள்ளி செர்ரோ தே லாஸ் கம்பானாஸ் குன்று. பிரெஞ்சுப் படையின் பலத்தில் பேரரசராக அமர்ந்த ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன் 1867 ஜூன் 19 அன்று, தன் தளபதிகள் மிராமோன், மெஹியாவுடன் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். நேரம் குறைவென்றால் குன்றை விட்டுவிட்டு சாந்தா ரோசா தே வித்தேர்போ தேவாலயத்தைப் பாருங்கள். வெளியே சுருண்டு வளைந்த முட்டுக்கொடுப்புகள் இந்த நாட்டில் வேறெங்கும் இப்படிக் கிடையாது.

சைவர்கள் இன்றே ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ வந்துவிடும். அங்கே கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி ஹமோன், நி பெஸ்காதோ' என்று முழுக்கச் சொல்ல வேண்டும். அதிலும் தப்புவது இரண்டு: அரைத்த பீன்ஸில் சேர்க்கும் மன்தேகா என்ற பன்றிக் கொழுப்பு, சோறு வேகும் கோழிச்சாறு. 'தியேனே மன்தேகா?' என்று கேட்டால் சமையல்காரர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை: பூசணிப்பூ அல்லது வித்லாகோச்சே என்ற சோளக் காளான் வைத்த கேசதியா என்ற மடித்த ரொட்டி, நோபால் என்ற சப்பாத்திக்கள்ளி மடல் வதக்கல், எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தூவிய சோளம். அந்த மிளகாய் இங்கிருந்து கிளம்பித்தான் போர்த்துகீசியர் கையால் நம் சமையலறைக்கு வந்தது.

சான் மிகேலுக்கு 65 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பெரிய பேருந்து பழைய நகருக்குள் நுழைய முடியாது. விளிம்பில் இறங்கி வேனுக்கு மாற வேண்டியிருக்கும். இரண்டு இரவுக்குத் தேவையானதை மட்டும் சின்னப் பையில் எடுத்துக்கொண்டால் கல் தெருவில் பெட்டியை இழுக்கும் வேதனை இல்லை.

நான்காம் நாள், திங்கள்: சான் மிகேல் தே அயெந்தே

இன்று கால்களின் நாள். தெரு முழுக்க உருண்டைக்கல், நடைபாதையில் வழுக்கும் பலகைக்கல், அதுவும் ஓராள் அகலம். அடி தடித்த, கணுக்காலைப் பிடிக்கும் ஷூ போடுங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்குக் காலை உலா மட்டும் போதும்.

சதுக்கத்தின் முன் எழும் இளஞ்சிவப்புக் கோபுரங்கள் பர்ரோக்கியா தேவாலயத்துடையவை. கட்டடம் பழையது, இந்தக் கோதிக் முகப்பு 1880களைச் சேர்ந்தது. செஃபெரீனோ குத்தியேர்ரெஸ் என்ற உள்ளூர்க் கொத்தனார், ஐரோப்பியக் கதீட்ரல்களின் படங்களைப் பார்த்துத் தன் மனத்தில் தோன்றியபடி எழுப்பினார் என்று ஊர் பெருமையோடு சொல்கிறது. கல் காந்தெரா, எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. வெட்டியெடுத்த புதிதில் உளிக்கு இளகிக் கொடுக்கும். ஈரத்தை உறிஞ்சும் குணமும் உண்டு. மழைநீர் வடியும் விளிம்புகளில் செதுக்கல் மழுங்கியிருப்பதைப் பாருங்கள்.

1940களிலிருந்து அமெரிக்கர்கள் ஓவியம் கற்க வந்து தங்கிவிட்ட ஊர் இது. விலைப்பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும் கடையில் எல்லாமே விலை கூடுதல். இரண்டு தெரு தள்ளிச் சந்தைக்குள் போனால் சரியாகிவிடும். பழைய நெசவாலையான லா அவுரோரா 1991இல் மூடப்பட்டு இப்போது ஓவியக் கூடங்களாகியிருக்கிறது. ஓவியத்தில் நாட்டமிருந்தால் பிற்பகலை அங்கே கழிக்கலாம்.

பணம்: ஒரு பெசோவுக்கு ஏறக்குறைய 5 இந்திய ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் உங்கள் நாட்டு நாணயத்திலேயே மாற்றித் தரவா என்று கேட்கும், மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதத்தில்தான் இழப்பு. பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை எப்போதும் பையில் இருக்கட்டும். உணவகத்தில் 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ் வழக்கம். பில்லைத் தானாகக் கொண்டுவர மாட்டார்கள், அது அங்கே அவமரியாதை. 'லா குவென்தா, போர் ஃபவோர்' என்று கேட்க வேண்டும்.

ஐந்தாம் நாள், செவ்வாய்: அத்தோத்தொனில்கோ, தொலோரெஸ், குவானஹுவாத்தோ

பதினான்கு கிலோமீட்டரில் அத்தோத்தொனில்கோ. வெளியே வெறும் வெள்ளைச் சுவர், கோட்டை போல ஜன்னலற்றது. உள்ளே ஓர் அங்குலம் வெறுமை இல்லை. பாதிரியார் லூயிஸ் ஃபெலிப்பே நேரி தே அல்ஃபாரோ 1740இல் தொடங்கிய இந்தத் தலத்தில், மிகேல் அந்தோனியோ மார்த்தீனெஸ் தே பொகாசங்ரே பல ஆண்டுகள் சுவரும் கூரையுமாக வரைந்தார். ஏசுவின் பாடுகள், இடையிடையே அல்ஃபாரோவின் பாடல் வரிகள். வெந்நீர் ஊற்றுகள் உள்ள மண், அடித்தளத்தில் ஈரம் ஏறி உப்புப் பூக்கிறது. கீழ்ப்பகுதி ஓவியங்கள் மேலுள்ளவற்றைவிட வெளிறியிருப்பதன் காரணம் அதுதான். இன்றும் இது தவமிருக்க வருவோரின் இடம். அவர்கள் வரும் வாரங்களில் பார்வையாளருக்குக் கட்டுப்பாடு இருக்கும், முன்கூட்டிக் கேளுங்கள். 1810 செப்டம்பர் 16 அன்று, விடுதலைப் போரைத் தொடங்கிய பாதிரியார் மிகேல் இதால்கோ இங்கிருந்துதான் குவாதலூப்பே அன்னையின் உருவம் பொறித்த துணியை எடுத்துப் படைக்குக் கொடியாக்கினார்.

அவர் பங்குத் தந்தையாக இருந்த தொலோரெஸ் மேலும் அரைமணி நேரத்தில். படை வந்த திசைக்கு எதிராக நாம் போகிறோம், சாலை அப்படி. இந்தப் பாதிரியார் ஊர் மக்களுக்கு மண்பாண்டத் தொழிலும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் திராட்சைப் பயிரும் கற்றுத்தந்தவர். பெரெஸின் செய்தி கிடைத்ததும், 16ஆம் தேதி விடியற்காலை மணியை அடித்து ஊரைத் திரட்டினார், சிறைக்கதவுகளைத் திறந்துவிட்டார். கோபுரத்தில் இப்போது தொங்குவது மாற்று மணி. அசலை முதல் நாளே பார்த்துவிட்டோம். சதுக்கத்தில் அவகாடோ, பாலாடைக்கட்டி, மோலே என்ற மிளகாய்க் குழம்பு, இறால் சுவைகளில் ஐஸ்கிரீம் தள்ளுவண்டிகள். சைவர்கள் சுவைபார்க்கும் முன் எது எதில் என்று கேளுங்கள்.

தொலோரெஸிலிருந்து குவானஹுவாத்தோவுக்குச் சாந்தா ரோசா மலைத்தொடர் வழி சுமார் 50 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் வளைவுகள். வாந்தி வருபவர்கள் அரைமணி முன்பே மாத்திரை போட்டு முன் இருக்கையில் உட்காருங்கள். ஐஸ்கிரீமுக்கும் பேருந்துக்கும் இடையே இடைவெளி விடுங்கள்.

ஆறாம் நாள், புதன்: குவானஹுவாத்தோ

பயணத்தின் இதயம் இந்த ஊர், ஒரு முழு நாளுக்குக் குறையக்கூடாது. மலையிடுக்கில் நெருங்கி நிற்கும் வண்ண வீடுகளின் அடியில் வண்டிகள் ஓடுகின்றன. கீழே போகும் அந்தத் தெரு பழைய ஆற்றுப்படுகை. 1905 வெள்ளம் ஊரை அழித்த பிறகு தண்ணீரை வேறு சுரங்கத்தில் திருப்பினார்கள், காய்ந்த படுகை 1960களில் சாலையானது. சுரங்கத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது. குழுவைப் பிரிந்தால் ஹர்தீன் தே லா உனியோன் என்ற முக்கோணப் பூங்காவில் சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள்.

காலை முதலில் மலைமேல் லா வலென்சியானா. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிக வளமான வெள்ளிச் சுரங்கம் இது. பக்கத்தில் 1788இல் முடிந்த சான் கயெத்தானோ தேவாலயம், தெபோட்சோத்லானில் பார்த்த எஸ்தீப்பித்தே தூண்கள் மறுபடி. சுரங்க உரிமையாளர்கள் நன்றிக்கடனாகக் கட்டியது. இங்கே கல்லைவிடப் பாதரசத்தைப் பற்றி வழிகாட்டி பேச வேண்டும்.

வெள்ளித்தாதுவை உருக்கி எடுக்க இங்கே விறகு போதாது. 1550களில் பச்சூக்காவில் பார்த்தொலோமே தே மெதீனா பழக்கத்துக்குக் கொண்டுவந்த முற்றமுறை இப்படி: தாதுவை உடைத்து, வட்டமான கல்தொட்டியில் கோவேறு கழுதைகள் கனமான கற்களை இழுத்துச் சுற்ற, தண்ணீரோடு மாவாக அரைபடும். அந்தச் சேற்றைத் திறந்த கல்முற்றத்தில் முழங்கால் அளவுக்கும் குறைவாகப் பரப்பி, உப்பும் வறுத்த செம்புத்தாதும் கலந்து, கடைசியில் துணிவழிப் பிழிந்து பாதரசத்தைத் தூவுவார்கள். பிறகு வாரக்கணக்கில் மிதி. முதலில் மனிதக் கால்கள், பின்னாளில் கோவேறு கழுதைகள். உப்பும் செம்பும் வெள்ளியைத் தாதுவிலிருந்து பிரிக்க, பாதரசம் அதைப் பற்றிக்கொள்ளும். குளிர்காலத்தில் வேதிவினை மந்தமாகி நாட்கள் நீளும். செம்பு கூடிப்போனால் சேறு சூடாகிப் பாதரசம் கரிய துகளாக வீணாகும், அப்போது சுண்ணாம்பு போட்டுத் தணிப்பார்கள். இதைக் கவனிப்பவர் அசோகேரோ. ஒரு கைப்பிடிச் சேற்றைக் கிண்ணத்தில் அலசி, அடியில் தங்கும் பாதரசத்தின் நிறத்தையும் இழுவையையும் வைத்தே முற்றத்தின் நிலையைச் சொல்வார். இறுதியில் சேற்றைக் கழுவி, கனத்த கலவையைப் பிழிந்து, மணிபோன்ற உலோகக் கவசத்தின்கீழ் சூடாக்க, பாதரசம் ஆவியாகி வெள்ளி மிஞ்சும். முற்றத்தில் மிதித்தவர்களின் உடல் என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாதரசம் ஸ்பெயின் அரசின் ஏகபோகம். எவ்வளவு பாதரசம் வாங்கினார்கள் என்பதை வைத்தே எவ்வளவு வெள்ளி எடுத்தார்கள் என்று வரி அதிகாரிகள் கணக்கிட்டார்கள்.

அந்த வெள்ளி நாணயம் நம் கரைக்கும் வந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையில் துணி வாங்கக் கொண்டுவந்தவற்றில் ஸ்பானிய ரியால்கள் முக்கியமானவை. நம் நெசவாளர் தறிக்கும் இந்த முற்றங்களுக்கும் அப்படி ஒரு தொடர்பு உண்டு. வழிகாட்டிகள் யாரும் சொல்வதில்லை, நாமாவது நினைத்துக்கொள்ளலாம்.

பிற்பகல் அல்ஓந்திகா தே கிரனதீத்தாஸ், 1809இல் முடிந்த தானியக் கிடங்கு. 1810 செப்டம்பர் 28 அன்று இதால்கோவின் படை ஊருக்குள் வந்தபோது ஆளுநர் ரியாஞ்ஞோ ஸ்பானியர்களையும் கருவூலத்தையும் இதற்குள் அடைத்துக்கொண்டார். சுவரின் தடிமனையும் சாளரங்களின் குறுகலையும் வெளியே ஒரு சுற்று நடந்து பார்த்தால் ஏன் என்று புரியும். பிபிலா என்ற சுரங்கத் தொழிலாளி முதுகில் பலகைக்கல்லைக் கட்டிக்கொண்டு தவழ்ந்துபோய்க் கதவுக்குத் தீ வைத்தார் என்கிறார்கள். உள்ளே நடந்தது படுகொலை. மறு ஆண்டு இதால்கோ, அவரோடு படை நடத்திய அயெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் ஆகிய நால்வரின் தலைகளும் கட்டடத்தின் நான்கு மூலைகளில் கூண்டுகளில் தொங்கின. 1821 வரை, பத்து ஆண்டுகள். மூலைகளில் பெயர் பொறித்திருக்கிறது. படிக்கட்டுச் சுவர்களில் ஹோசே சாவெஸ் மொராதோவின் ஓவியங்கள்.

ஹுவாரெஸ் நாடக அரங்கின் பின்னாலிருந்து கேபிள் வண்டியில் பிபிலா சிலைக்கு ஏறிச் சூரியன் மறையுமுன் நகரைப் பாருங்கள். 68 சென்டிமீட்டர் அகலமுள்ள முத்தச் சந்துக்கு வரிசை நீளம், காலை எட்டுக்கு முன் போனால் காலி. மம்மி அருங்காட்சியகம் எல்லாப் பயணத் திட்டத்திலும் இருக்கும். கல்லறை வரி கட்ட முடியாத ஏழைகளின் உடல்களைத் தோண்டியெடுத்துக் கண்ணாடிக்குள் வைத்ததுதான் அது. அதைத் தவிர்த்து, அந்த நேரத்தை அல்ஓந்திகாவுக்குக் கொடுக்கலாம் என்பதே எங்கள் அழுத்தமான பரிந்துரை. அக்டோபரில் செர்வந்தீனோ கலைவிழா நடக்கும், பல மாதம் முன்பே அறை போடாவிட்டால் கிடைக்காது.

ஏழாம் நாள், வியாழன்: குயித்ஸேயோ, மொரேலியா

சலமான்கா வழியாக சுமார் 180 கிலோமீட்டர். கிழக்கே தள்ளியிருக்கும் செலாயாவில் இதால்கோவைத் தலைமைத் தளபதியாக அறிவித்தார்கள். ஆட்டுப்பாலையும் சர்க்கரையையும் சிட்டிகை சோடா உப்போடு செம்புப் பாத்திரத்தில் பழுப்பாகும்வரை கிண்டும் கஹேத்தா அந்த ஊர்ப் பண்டம். சோடா உப்பு இல்லையென்றால் ஆட்டுப்பால் திரிந்துவிடும். வழிக்கடைகளில் எங்கும் கிடைக்கும். பாகு போன்ற பண்டமாதலால் விமானத்தில் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

குயித்ஸேயோவின் அகுஸ்தீனிய மடத்தில் முகப்பை மட்டும் பார்க்க அரைமணி போதும். ஸ்பானியப் பாணி அலங்காரத்தின் நடுவே, செதுக்கிய உள்நாட்டுச் சிற்பி மெத்தில் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் இது மிக அரிது. பக்கத்திலுள்ள ஏரி பெரும்பகுதி வற்றிப் புழுதி பறக்கிறது, முகக்கவசம் உதவும்.

மொரேலியா 1541இல் வயாதோலித் என்ற பெயரில் தொடங்கியது. இங்கே பிறந்த விடுதலைப் போர்த் தலைவர் ஹோசே மரீயா மொரேலோஸின் நினைவாக 1828இல் பெயர் மாறியது. கதீட்ரல் 1660 முதல் 1744 வரை எழுந்தது. எங்கும் ஒரே இளஞ்சிவப்புக் கல், அதனால் மற்ற ஊர்களின் வண்ணக் குதூகலம் இங்கே இல்லை, கம்பீரம் உண்டு. 253 வளைவுள்ள நீர்ப்பாலம் 1785 பஞ்ச காலத்தில் பிஷப் அந்தோனியோ தே சான் மிகேல் மக்களுக்கு வேலை தரும் பொருட்டு எடுத்துக் கட்டியது. இதால்கோ ஒரு காலத்தில் ரெக்டராக இருந்த சான் நிக்கோலாஸ் கல்லூரி இங்கேதான். 1810 அக்டோபரில் படையோடு திரும்பி வந்தவர், 19ஆம் தேதி அடிமை முறையை ஒழிக்கும் ஆணையை இந்த ஊரிலிருந்து வெளியிடச் செய்தார். கல்லூரி முற்றத்துக்குள் நுழைய கட்டணமில்லை, அரைமணி உட்காருங்கள்.

சாப்பாட்டுக்கு காஸ்பாச்சோ: மாம்பழம், அன்னாசி, ஹிக்கமா கிழங்கைப் பொடியாக நறுக்கி, ஆரஞ்சுச் சாறு ஊற்றி, மிளகாய்ப்பொடியும் துருவிய பாலாடைக்கட்டியும் தூவித் தருவார்கள். நறுக்கி வைத்துப் பழசானதை விட்டு, கண்முன் நறுக்கும் கடையில் வாங்குங்கள்.

எட்டாம் நாள், வெள்ளி: பாட்ஸ்குவாரோ

ஒரு மணி நேரப் பயணம். முதலில் ட்ஸின்ட்ஸுன்ட்ஸான், ஆஸ்தெக்குகளுக்கு அடிபணியாத புரேபெச்சா அரசின் தலைநகர். ஏரியைப் பார்த்தபடி ஐந்து யாகத்தா மேடைகள், சதுரமும் வட்டமும் இணைந்த வடிவம். கீழே மடத்தின் முற்றத்தில் பிஷப் வாஸ்கோ தே கிரோகா நட்டதாகச் சொல்லும் ஒலிவ மரங்கள். தாமஸ் மோரின் உட்டோப்பியா நூலைப் படித்து, அதன்படி உள்நாட்டு மக்களுக்குப் பொதுநிலமும் மருத்துவமனையும் உள்ள ஊர்களை அமைக்க முயன்ற வழக்கறிஞர் இவர். ஊருக்கு ஒரு தொழில் என்று இவரே பிரித்துக் கொடுத்ததாக மரபு. செம்பு சாந்தா கிளாராவுக்கு.

அந்தச் சாந்தா கிளாரா தெல் கோப்ரேயில் பட்டறைக்குள் போய் நில்லுங்கள். பழைய செம்புக்கம்பிகளை உருக்கிய கட்டியைத் துருத்தி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, நான்கைந்து பேர் சுற்றி நின்று தாளம் தவறாமல் மாறிமாறி அடிக்கிறார்கள். அடிக்க அடிக்கச் செம்பு விறைக்கும். விறைத்தபின் ஓர் அடி கூடுதலாக விழுந்தால் விளிம்பு கீறும், ஆகவே மறுபடி நெருப்பு. ஒரு ஜாடிக்குப் பல முறை இப்படி. வாங்கும்போது உள்பக்கம் விரலால் தடவுங்கள், கையால் அடித்ததில் மேடுபள்ளம் தட்டுப்படும். சமைக்க வாங்கினால் உள்ளே ஈயம் பூசியதா என்று கேளுங்கள், புளி சேர்க்கும் நமக்கு அது அவசியம்.

பாட்ஸ்குவாரோ ஊரில் பெரிய சதுக்கத்தில் தேவாலயமே இல்லை. பசிலிக்காவில் ஆரோக்கிய அன்னையின் சிலை சோளத்தட்டையின் கூழால் செய்தது, எடை மிகக் குறைவு. போர்க்களத்துக்குத் தெய்வங்களைத் தூக்கிப்போக வசதியாக புரேபெச்சாக்கள் கையாண்ட உத்தியைப் பாதிரியார்கள் எடுத்துக்கொண்டார்கள். பழைய மடமான நூலகத்தில் ஹுவான் ஓ'கோர்மன் 1942இல் வரைந்த பெருஞ்சுவர் மாநிலத்தின் வரலாறு முழுவதையும் சொல்கிறது. நவம்பர் 1, 2 இறந்தோர் நாட்களுக்கு வருவதானால் ஏறக்குறைய ஓர் ஆண்டு முன்பே பதிவு செய்யுங்கள். மாலை குளிர் கடுமை, 2,100 மீட்டருக்கு மேல் ஏரிக்காற்று. இரவு தங்க மொரேலியாவுக்கே திரும்புகிறோம்.

ஒன்பதாம் நாள், சனி: மெக்சிகோ சிட்டி

சுமார் 300 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். தொலூக்காவைத் தாண்டி ஊசியிலைக் காடுகளுக்குள் சாலை ஏறும்போது வழிகாட்டி மைக்கை எடுக்க வேண்டும். இது மோன்தே தே லாஸ் குரூசெஸ். 1810 அக்டோபர் 30 அன்று இதால்கோவின் படை இங்கே வென்றது, தலைநகர் கைக்கெட்டும் தூரம். அயெந்தே முன்னேறச் சொன்னார், இதால்கோ திரும்பச் சொன்னார். ஏன் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு. ஜனவரியில் கால்தெரோன் பாலத்தில் படை சிதறியது, மார்ச்சில் தலைவர்கள் பிடிபட்டார்கள். ஜூலை 30 அன்று சிவாவா நகரில் இதால்கோ சுடப்பட்டார்.

மேற்கிலிருந்து நகருக்குள் இறங்கும் சாலை சனி மதியம் நெரிசலில் நின்றுவிடும். காலை எட்டுக்குள் மொரேலியாவை விட்டால் இரண்டு மணிக்குள் ரெஃபோர்மா சாலையில் இறங்கலாம். அங்கே 1910இல் திறந்த விடுதலைத் தூணின் அடியில் ஒரு கல்லறை அறை. அல்ஓந்திகாவின் மூலைகளில் தொங்கிய நால்வரின் எச்சங்கள் 1925 முதல் இங்கே இருக்கின்றன. உள்ளே போகும் வாசல் சில நாட்கள் மூடியிருக்கும், அப்போதும் படிக்கட்டுவரை ஏறலாம். சாலையின் நடு வட்டத்தில் இருப்பதால் சிக்னல் பார்த்துக் குழுவாகக் கடக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும் விமானத்தை அன்றிரவு 10 மணிக்கு முன் போடாதீர்கள். மறுநாள் என்றால் இன்னும் நல்லது. விமான நிலையத்துக்கு ஹோட்டல் வரவேற்பறையில் சொல்லி வண்டி பிடியுங்கள், மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.